இடது கையில் ஒரு கைக்குட்டை

வெள்ளை நிறத்தில் மூன்று இலக்கங்கள்: 557. பிலிப்பைன்ஸின் சமார் தீவுக்குக் கிழக்கே, ஏறத்தாழ 6,450 மீட்டர் ஆழத்தில், 2021 மார்ச்சில் ஓர் ஆழ்கடல் கலத்தின் விளக்கொளி அந்த எண்ணின் மேல் விழுந்தது. 76 ஆண்டுகள் கும்மிருட்டில் கிடந்த எண். கப்பலின் முன்பாதி சரிவான கடற்படுகையில் நிமிர்ந்து நிற்கிறது. இரண்டு பீரங்கி மேடைகள் அப்படியே இருக்கின்றன. நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் டார்பிடோக்களை ஏவும் குழாய்களும் இருக்கின்றன. அவற்றில் இருந்த பத்து டார்பிடோக்களும் 1944 அக்டோபர் 25ஆம் தேதி காலை ஏழரை மணிக்கு முன்பே போய்விட்டன.

அந்தக் கப்பலின் பெயர் ஜான்ஸ்டன். அமெரிக்கக் கடற்படையின் நாசகாரிக் கப்பல், அதாவது வேகமாக ஓடும் சிறு போர்க்கப்பல். அதன் கேப்டன் எர்னஸ்ட் எட்வின் எவன்ஸ். அந்தக் காட்சிப் பதிவை நான் பலமுறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தக் காலிக் குழாய்களில்தான் கண் போய் நிற்கிறது. டார்பிடோ தீர்ந்த பிறகு அந்தக் கப்பல் என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எவன்ஸ் பிறந்தது கடலை எட்டிக்கூடப் பார்க்க முடியாத ஓக்லஹோமா மாநிலத்தின் பானீ என்ற ஊரில், 1908 ஆகஸ்டில். செரோக்கி பூர்வகுடி வழி வந்தவர். அந்த மக்களைப் பரம்பரை மண்ணிலிருந்து பெயர்த்து, நூற்றுக்கணக்கான மைல் நடக்க வைத்துக் கொண்டுவந்து இறக்கிய பூமிதான் ஓக்லஹோமா. வழியில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அந்த வம்சத்தில் வந்த ஒரு பையன் அதே அரசாங்கத்தின் கடற்படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, தேர்வெழுதி, 1927இல் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரிக்குள் நுழைந்தான். உடன் படித்தவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘சீஃப்’, அதாவது குலத்தலைவன். பூர்வகுடி ஆள் ஒருவரைக் கண்டால் அக்காலத்து அமெரிக்கர்களுக்கு உடனே வாயில் வரும் பெயர் அது. 1931இல் பட்டம் பெற்றார். அடுத்த பத்தாண்டுகள் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பல். பெரிதாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

1941 ஆகஸ்டில் அவர் போய்ச் சேர்ந்த கப்பல் அல்டன். முதல் உலகப் போர் முடிந்த கையோடு கட்டப்பட்ட பழைய நாசகாரி, அமெரிக்காவின் ஆசியக் கடற்படையைச் சேர்ந்தது. சிங்கப்பூர்த் தமிழர்களின் பழைய தலைமுறைக்கு ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரு பெயர்களும் மறந்திருக்காது. சிங்கப்பூரைக் காக்க வந்த அந்த இரு பெரும் பிரிட்டிஷ் கப்பல்களையும் ஜப்பானிய விமானங்கள் 1941 டிசம்பர் 10 அன்று மூழ்கடித்தன. உயிர் பிழைத்தவர்களைத் தேடப் போன கப்பல்களில் அல்டனும் ஒன்று. மலாயாக் கடலில் எண்ணெய்ப் படலத்தின் நடுவே தேடிப் பார்ப்பதோடு எவன்ஸின் போர் தொடங்கியது.

பிறகு வந்தது ஜாவாக் கடல். 1942 பிப்ரவரி 27. இந்த நாளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இதை விட்டுவிட்டு, 1944 அக்டோபரில் சமார் தீவருகே நடந்த சண்டையை மட்டும் படித்தால் எவன்ஸ் ஏதோ வெறி பிடித்து எதிரிமேல் பாய்ந்தவர்போலத் தோன்றிவிடும்.

அமெரிக்கா, பிரிட்டன், நெதர்லாந்து, ஆஸ்திரேலியா என நான்கு நாட்டுக் கப்பல்கள் அவசர அவசரமாக ஒரே அணியாகச் சேர்க்கப்பட்டிருந்தன. நாசகாரியைவிடப் பெரிய போர்க்கப்பல்களான குரூசர்கள் ஐந்து, நாசகாரிகள் ஒன்பது. டச்சு அட்மிரல் கேரல் டோர்மன் தலைமை. ஒன்றாகப் பயிற்சி செய்ததில்லை, பொதுவான சமிக்ஞைக் குறியீடு இல்லை, கண்காணிக்க விமானம் இல்லை. அந்த மாலையில் அமெரிக்க நாசகாரிகள் நான்குக்கும் டோர்மனிடமிருந்து கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எதிர்த்துத் தாக்கு. தாக்குதல் ரத்து. புகை எழுப்பு. என் பின்வாங்கலுக்குக் காவலாக நில். நான்கு கப்பல்களும் புகைத்திரை எழுப்பின. பிறகு தாங்களே ஒரு முடிவுக்கு வந்து, வெகு தொலைவிலிருந்து டார்பிடோக்களை ஏவின. ஜப்பானியக் கப்பல்கள் விலகித் திரும்பின, ஆனால் ஒரு டார்பிடோகூடப் படவில்லை. டார்பிடோவும் தீர்ந்து எரிபொருளும் குறைந்தபின் சுரபாயா துறைமுகத்துக்குத் திரும்பிவிட்டன. அன்றிரவே டோர்மன் தன் கப்பலோடு மூழ்கினார். அடுத்த சில நாட்களில் மீதமிருந்த குரூசர்களும் ஒவ்வொன்றாக மூழ்கின. அல்டன் உள்ளிட்ட அந்த நான்கு பழைய கப்பல்கள் மட்டும் இருட்டில் பாலி நீரிணையைக் கடந்து ஆஸ்திரேலியாவுக்குத் தப்பின.

அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. டார்பிடோ இல்லாத நாசகாரி, நின்று பொருத என்ன இருக்கிறது? போர்முறை நூல்கள் சொல்வதும் அதைத்தான்: ஏவு, புகையில் மறை, விலகு. ஆனாலும், பின்னால் விட்டு வந்த குரூசர்கள் அத்தனையும் மூழ்கிப்போயின என்ற செய்தி துறைமுகத்தில் காத்திருந்தால், விதிப்படி நடந்துகொண்டோம் என்ற நினைப்பு ஒரு மனிதனுக்கு எத்தனை இரவு தூக்கம் தரும்?

1942 மார்ச்சில் அல்டனின் கேப்டன் பொறுப்பு எவன்ஸுக்கு வந்தது. ஓராண்டுக்கு மேல் அதை நடத்தினார். பிறகு சியாட்டிலில் கட்டி முடிக்கப்பட்டுக்கொண்டிருந்த புத்தம்புதிய ஜான்ஸ்டன் அவர் கைக்கு வந்தது. 2,100 டன், ஐந்து அங்குலக் குண்டு சுடும் பீரங்கிகள் ஐந்து, டார்பிடோ பத்து. கவசம் என்று சொல்லத்தக்கதாக எதுவும் கிடையாது, மெல்லிய எஃகுத் தகடுதான்.

1943 அக்டோபர் 27. கப்பல் முறைப்படி கடற்படையில் சேர்க்கப்பட்ட நாள். மேளதாளம், கொடி, மாலுமிகளின் குடும்பத்தார். புதிய கேப்டன் பேச எழுந்தார். இது சண்டை போடப்போகும் கப்பல், ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே இதைக் கொண்டுபோகப் போகிறேன், உடன் வர விரும்பாதவர்கள் இப்போதே இறங்கிவிடுங்கள் என்றார். எதிரியை விட்டு இனி ஒருபோதும் பின்வாங்க மாட்டேன் என்றும் சொன்னார். யாரும் இறங்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் இருபதைத் தொட்டும் தொடாத பையன்கள், கடலையே அப்போதுதான் பார்க்கப் போகிறவர்கள். அந்த ‘இனி’ என்ற சொல்லுக்குள் ஜாவாக் கடல் இருந்தது அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

அடுத்த ஓராண்டு வேலை, வேலை, வேலை. மார்ஷல் தீவுகளில் குவாஜலின், எனிவெட்டோக் கரைகளில் சுட்டது. 1944 மே 16 அன்று ஹாகர்ட், ஃபிராங்க்ஸ் என்ற இரு கப்பல்களோடு சேர்ந்து ஐ-176 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியை மூழ்கடித்தது. குவாம் தீவுக்குப் படைகள் இறங்கியபோது ஜூலை மாதத்தில் மட்டும் 4,000க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. ‘எல்லோரும் போர்நிலைக்கு’ என்ற மணி ஓயாமல் அடித்ததால் மாலுமிகள் தங்கள் கப்பலுக்கு, அந்தக் கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து, ‘ஜிக்யூ ஜானி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த ஓராண்டை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் சமாரில், கேப்டன் நின்று கப்பலை நடத்தும் மேல்தளமான பிரிட்ஜ் சிதைந்து, மின்சாரம் போய், கட்டளை சொல்ல ஆள் இல்லாதபோதும் ஒவ்வொரு பீரங்கிக் குழுவும் தன் வேலையைத் தானே செய்தது என்றால், அந்தப் பழக்கம் வந்தது இந்தச் சலிப்பூட்டும் மாதங்களில்தான்.

சமார் நிகழ்ந்த பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிலிப்பைன்ஸின் லேய்ட்டி தீவில் அமெரிக்கப் படை இறங்கியிருந்தது. வடக்கே தூண்டிலாக விடப்பட்ட ஜப்பானிய விமானந்தாங்கிகளைத் துரத்திக்கொண்டு அட்மிரல் ஹால்ஸி தன் பெரும்படையோடு போய்விட்டார். சான் பெர்னார்டினோ நீரிணையைக் காக்க ஒரு கப்பல்கூட இல்லை. இரவோடு இரவாக ஜப்பானிய அட்மிரல் குரிடாவின் படை அதன் வழியே வெளியே வந்தது. காலையில் அது கண்டது ‘டாஃபி 3’ என்ற சிறு அணியை: மெதுவாக ஓடும் சிறிய விமானந்தாங்கிகள் ஆறு, நாசகாரிகள் மூன்று, அவற்றைவிடச் சிறிய காவல் கப்பல்கள் நான்கு. குரிடாவிடம் நான்கு பெரும் போர்க்கப்பல்கள், ஆறு கனரகக் குரூசர்கள், இரண்டு இலகு குரூசர்கள், பதினொரு நாசகாரிகள். அவற்றில் ஒன்று யமாட்டோ, உலகில் கட்டப்பட்ட போர்க்கப்பல்களிலேயே மிகப்பெரியது. அதன் மூன்று பெரும்பீரங்கி மேடைகளில் ஒரே ஒரு மேடையின் எடை ஜான்ஸ்டன் கப்பலின் மொத்த எடையைவிட அதிகம். யமாட்டோவின் ஒரு குண்டு ஏறத்தாழ 1,460 கிலோ, ஜான்ஸ்டனின் குண்டு 25 கிலோ.

ஏழு மணிக்குச் சற்று முன்பு கடலில் நீர்த்தூண்கள் எழத் தொடங்கின. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். எந்தக் கப்பல் சுட்ட குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்துக் குறியைத் திருத்திக்கொள்ள ஜப்பானியர்கள் ஒவ்வொரு கப்பலின் குண்டிலும் ஒவ்வொரு நிறச் சாயத்தை வைத்திருந்தார்கள். அந்த வண்ணத் தூண்களுக்கு நடுவே கப்பல்கள் புகை எழுப்பின. கொதிகலனுக்குப் போகும் காற்றைக் குறைத்தால் புகைபோக்கியிலிருந்து எண்ணெய்க் கரும்புகை வரும், பின்தளத்து இரசாயனக் கலங்களிலிருந்து வெண்புகை வரும். இரண்டும் கலந்து கடல்மட்டத்தில் படிந்து, விமானந்தாங்கிகளை மறைத்தது.

அப்போது எவன்ஸ் கப்பலைத் திருப்பினார். அதற்குக் கட்டளை எதுவும் வந்திருக்கவில்லை. மற்ற கப்பல்கள் விலகிப் போகும் திசைக்கு நேர் எதிராக, தன்னந்தனியாக, குரிடாவின் படையை நோக்கி. முதலில் எதிரியின் குண்டுகள் இங்கே எட்டும், இங்கிருந்து சுடுவது அங்கே எட்டாது. அந்த நிமிடங்களில் செய்வதற்கு எதுவுமில்லை, போய்க்கொண்டே இருக்க வேண்டும். பீரங்கிகளை இயக்கும் பொறுப்பில் இருந்த லெப்டினன்ட் ராபர்ட் ஹேகன் பின்னாளில் சொன்னார்: கவண்கூட இல்லாத தாவீதுபோல இருந்தது. ஏறத்தாழ 16 கிலோமீட்டருக்குள் வந்ததும் ஹேகனின் ஐந்து பீரங்கிகளும் முன்னணியில் வந்த குமானோ என்ற குரூசரைச் சுடத் தொடங்கின. ஐந்து நிமிடத்தில் 200க்கும் மேற்பட்ட குண்டுகள். பிறகு பத்து டார்பிடோக்களும் ஏவப்பட்டன. கப்பல் தன் புகைக்குள்ளேயே திரும்பி மறைந்தது. வெளியே வந்து பார்த்தபோது குமானோவின் முன்முனை பிய்ந்து எரிந்துகொண்டிருந்தது. அதிலிருந்த அட்மிரலை ஏற்றிக்கொள்ள இன்னொரு குரூசர் நிற்க வேண்டியதாயிற்று. துரத்தலிலிருந்து இரண்டு குரூசர்கள் கழன்றன.

ஜாவாக் கடலில் செய்த அதே வேலைதான் இதுவரையிலும். புகை, டார்பிடோ, திரும்புதல். இம்முறை ஒன்று பட்டது.

ஏழரை மணிக்கு மூன்று பெருங்குண்டுகள் ஜான்ஸ்டனில் விழுந்தன. உடனே இன்னும் மூன்று சிறியவை. தடித்த கவசத்தைத் துளைப்பதற்கென்று செய்யப்பட்ட அந்தப் பெருங்குண்டுகள் இந்த மெல்லிய தகட்டை வெடிக்காமலே துளைத்துப் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் கப்பல் அங்கேயே முடிந்திருக்கும். என்ஜின் அறையில் பாதி போயிற்று, வேகம் மணிக்கு 17 கடல் மைலுக்கு இறங்கியது. சுக்கானை இயக்கும் இயந்திரம் செத்தது. பின்பக்கப் பீரங்கிகளுக்கு மின்சாரம் இல்லை. பிரிட்ஜில் நின்றவர்கள் பலர் அங்கேயே இறந்தார்கள். எவன்ஸின் சட்டை கிழிந்து பறந்தது, உடம்பில் சில்லுகள் தைத்தன, இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. ஓடி வந்த கப்பல் மருத்துவரிடம், என்னை விடுங்கள், அடிபட்டுக் கிடக்கும் அந்தப் பையன்களைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒரு மழை வந்தது. அந்த மழைத்திரைக்குள் பத்து நிமிடம் போலக் கிடைத்தது, கிடைத்ததைக் கொண்டு ஒட்டுப்போட்டார்கள். டாஃபி 3இன் தலைவர் அட்மிரல் கிளிஃப்டன் ஸ்பிரேக், நாசகாரிகள் டார்பிடோத் தாக்குதலுக்குப் போகட்டும் என்று கட்டளையிட்டிருந்தார். ஹோல், ஹீர்மன், சாமுவேல் ராபர்ட்ஸ் ஆகிய கப்பல்கள் எதிரியை நோக்கிப் புறப்பட்டுக்கொண்டிருந்தன. ஜான்ஸ்டனிடம் டார்பிடோ இல்லை, பாதி வேகம், பாதிப் பீரங்கிகள். அப்போது விலகிப் போயிருந்தால் எந்த நீதிமன்றத்திலும், எந்த விசாரணையிலும் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க முடியாது. எவன்ஸ் தன் கப்பலை அவர்கள் பின்னே திருப்பினார். டார்பிடோ இருப்பவர்கள் போகட்டும், நாம் பீரங்கியால் துணை கொடுப்போம்.

முதல் பாய்ச்சலைவிட இந்த இரண்டாவது திருப்பம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முதலாவதில் ஆயுதம் இருந்தது, அதிர்ஷ்டத்துக்கு இடம் இருந்தது. இரண்டாவதில் கணக்குப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. ஜாவாவில் டார்பிடோ தீர்ந்ததும் எதைச் செய்தார்களோ, அதை இங்கே செய்யாமல் விட்டார். அவ்வளவுதான்.

அதன்பின் இரண்டு மணிநேரம். எட்டரை மணிவாக்கில் கேம்பியர் பே என்ற விமானந்தாங்கியை ஒரு குரூசர் நெருங்கி நொறுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் குரூசரை நம் பக்கம் இழுக்க வேண்டும், சுடு என்று ஹேகனிடம் சொன்னார் எவன்ஸ். குரூசர் அசையவில்லை. சற்று நேரத்தில் யஹாகி என்ற இலகு குரூசரும் அதன் பின்னே நான்கு நாசகாரிகளும் விமானந்தாங்கிகள்மேல் டார்பிடோ ஏவ விரைந்து வந்தன. ஜான்ஸ்டன் அவற்றுக்குக் குறுக்கே போய் நின்று சுட்டது. யஹாகி திரும்பியது, மற்றவையும் திரும்பின, நெருங்கும் முன்பே டார்பிடோக்களை ஏவிவிட்டு விலகின. ஒன்றும் படவில்லை. எவன்ஸ் மகிழ்ச்சியில் துள்ளினார் என்று ஹேகன் எழுதியிருக்கிறார்.

பிரிட்ஜ் நிற்க முடியாதபடி எரிந்தது. 9.20க்கு எவன்ஸ் பின்தளத்துக்கு வந்தார். அங்கே தரையில் ஒரு மூடி திறந்திருக்கும். அதன் கீழே சுக்கான் அறை. இயந்திரம் செத்துவிட்டதால் கீழே இருந்தவர்கள் நீரழுத்தப் பம்பைக் கையால் சுற்றிச் சுக்கானைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். 2,100 டன் கப்பலை மனிதத் தோள்கள் திருப்பின. சிறிது நேரத்தில் கை ஓய்ந்துவிடும், அடுத்த ஆள் வருவான். அவர்களுக்குக் கடல் தெரியாது, எதிரி தெரியாது, எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதும் தெரியாது. தலைக்குமேல் ஒரு வட்ட வெளிச்சமும், அதன் வழியே குனிந்து, இடப்பக்கம், வலப்பக்கம் என்று கத்தும் கேப்டனின் குரலும்தான் அவர்களுக்கு வந்து சேர்ந்த மொத்தப் போர்.

9.45க்கு, என்ஜின்கள் முற்றாக நின்றபின், கப்பலைக் கைவிடக் கட்டளை கொடுத்தார். 10.10க்கு ஜான்ஸ்டன் கவிழ்ந்து மூழ்கியது. அருகே வந்த ஜப்பானிய நாசகாரியின் தளத்தில் ஓர் அதிகாரி விறைப்பாக நின்று, மூழ்கும் கப்பலுக்கு வணக்கம் செலுத்தியதை நீரில் மிதந்தவர்கள் பார்த்தார்கள். அதற்குள் குரிடா தன் படையை வடக்கே திருப்பியிருந்தார். ஆறு விமானந்தாங்கிகளில் ஐந்து அந்தத் துரத்தலிலிருந்து தப்பின, பின்னர் காமிகாஸி என்ற தற்கொலைத் தாக்குதல் விமானம் மோதி அவற்றில் ஒன்று மூழ்கியது.

நீரில் விழுந்தவர்களுக்குப் போர் முடியவில்லை. மீட்புக்கு அனுப்பப்பட்ட இடக்குறிப்பு தவறாக இருந்தது. இரண்டு பகல், இரண்டு இரவு. சுறாக்கள், கடல்நீரைக் குடித்துப் புத்தி கலங்கியவர்கள், மிதவையைப் பிடித்திருந்த கை தளர்ந்து சொல்லாமல் நழுவிப் போனவர்கள். எதிரியிடமிருந்து பிழைத்த பலரைத் தங்கள் தரப்பின் அலட்சியம் கொன்றது என்பதை என்னால் ஆறிய மனத்தோடு எழுத முடியவில்லை. 327 பேரில் 141 பேர் மீட்கப்பட்டார்கள். மீட்புக் கப்பல்கள் வந்த நாள் அக்டோபர் 27. சியாட்டிலில் கேப்டன் அந்தப் பேச்சைப் பேசி அன்றோடு சரியாக ஓராண்டு. மீட்கப்பட்டவர்களில் எவன்ஸ் இல்லை. வயது 36.

186 உயிர்கள். ஒரு மனிதனின் பழைய காயத்துக்கு மற்றவர்கள் கொடுத்த விலையா இது என்று நானும் நெடுநாள் யோசித்தேன். பிழைத்து வந்தவர்கள் வயதாகிப் பேசிய பேச்சுகளைப் படித்தபின் அந்தக் கேள்வி என்னிடம் நிற்கவில்லை. அவர்கள் எவரும் கேப்டனைக் குறை சொல்லவில்லை என்பது மட்டும் காரணமல்ல. அந்த இரண்டு மணிநேரத்தில் எவன்ஸ் எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே வேறொரு கப்பலின் பெயர் இருக்கிறது. ஹோலுக்காக, ஹீர்மனுக்காக, கேம்பியர் பேக்காக, மீதி ஐந்து விமானந்தாங்கிகளுக்காக. சாவைத் தேடிப் போகிறவன் இப்படிப் பட்டியல் போட்டு வேலை செய்யமாட்டான். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர், அவர் இறந்தபின் அவருக்கு வழங்கப்பட்டது. கடற்படையில் அதைப் பெற்ற முதல் பூர்வகுடி அவர்.

சாமுவேல் ராபர்ட்ஸ் கப்பலின் கேப்டன் பெயர் ராபர்ட் கோப்லண்ட். அவருடைய கப்பலும் அன்று மூழ்கியது. அவரும் நீரில் கிடந்து பிழைத்தார், பிறகு கண்டதை எழுதி வைத்தார். போர் உச்சத்தில் இருந்தபோது ஜான்ஸ்டன் தன் கப்பலைக் கடந்து போனதாம், முப்பது மீட்டர் தூரம்கூட இருக்காது. பின்தளத்தில், திறந்த மூடிக்குப் பக்கத்தில் எவன்ஸ் நின்றுகொண்டிருந்தார். இடுப்புக்கு மேல் துணியில்லை, உடம்பெல்லாம் இரத்தம், இடது கையில் ஒரு கைக்குட்டை சுற்றியிருந்தது. கீழே குனிந்து சுக்கான்காரர்களுக்கு ஏதோ கத்திக்கொண்டிருந்தவர், ராபர்ட்ஸ் பக்கத்தில் வந்ததும் லேசாகத் திரும்பி, கோப்லண்டைப் பார்த்துக் கையசைத்தார்.